வாசல் பக்கம் திருப்பி வைத்த டிவி

நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் போன மாதம் ஒருத்தி கேட்டிருந்தாள். "வி.ஆர்.எஸ். வாங்கியாச்சு, பேரப்பிள்ளைங்களும் ஊருக்குப் போயாச்சு. வாழ்க்கைன்னா இன்னான்னு யோசிக்க வைக்கிற மாதிரி நல்ல படமா ஒண்ணு சொல்லுங்கப்பா. வெட்டுக்குத்து வேணாம்." உடனே இன்னொருத்தி என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். "அவளக் கேளுடி. அந்த மாதிரி படத்துக்கெல்லாம் அவதான் மொத்த வியாபாரம்."

நான் பதில் எழுதவில்லை. ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் என்னை ஏதோ பெரிய ரசிகை என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். மெட்ராசில் வேலை பார்த்த காலத்தில் எங்கே உலகப் படம் போட்டாலும் போய் உட்கார்ந்தேன், அது நிஜம்தான். ஆனால் எல்லாப் படங்களையும் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் தேடியது ஒரே ஒரு படம். அதன் பெயர் தெரியாது, மொழி தெரியாது, கதையும் தெரியாது. அதன் சத்தம் மட்டும் தெரியும்.

நாம் ஆறாம் வகுப்பு படித்த வருஷத்துக் கார்த்திகை மாதம் அது. என் அப்பா அப்போது வீட்டில் இல்லை என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதற்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு நன்றி.

அப்பா கீழ்பென்னாத்தூரில் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது சட்டையில் சாக்குத் தூசியும் பச்சை வேர்க்கடலை வாசனையும் அடிக்கும். பைக்குள் கைவிட்டால் எனக்கு ஒரு பிடி கடலை உண்டு. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சினிமா. புதுப்படம் வந்தால் அந்த வாரமே எங்களைக் கூட்டிக்கொண்டு போயாக வேண்டும். தேரடி வீதி வழியாக நடந்து திரும்பும்போது வசனத்தை எல்லாம் ஒன்றுவிடாமல் மறுபடி பேசிக்காட்டுவார். கதாநாயகியின் அழுகையையும் அவரே அழுவார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "தெருவுல போறவங்க பாக்கறாங்க, சும்மா வாங்க" என்பாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த வீதியில்தான்.

அந்த மனிதர் ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனார். திரும்பி வரவில்லை.

வேறு ஊரில் ஒரு ஆண்பிள்ளை காணாமல் போனால் போலீசுக்குப் போவார்கள். நம் ஊரில் மலைக்கு எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, சில நாள் அலைந்து அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் அவரைக் கண்டுபிடித்தார். காவி வேட்டி, கையில் ஒரு அலுமினியத் தூக்கு. தாடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்ததாம்.

"நான் யாருன்னு பாக்கணும் மச்சான். அது தெரியாம ஒரு வேலையும் ஓடல" என்றாராம் அப்பா.

"நீங்க எங்க அக்கா வீட்டுக்காரரு. இத தெரிஞ்சிக்கறதுக்கு மரத்தடியில எதுக்கு ஒக்காரணும்?" என்று கேட்டாராம் மாமா. இன்றைக்கு யோசித்தால் மாமாவின் கேள்விதான் சரியான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எல்லோரும் மாமாவைத்தான் திட்டினார்கள். சாமியார் ஆனவரை எதிர்த்துப் பேசினால் பாவமாம்.

அப்பா யாரிடமும் தீட்சை வாங்கவில்லை. ஆனால் சட்டம் மட்டும் கறாராக வைத்திருந்தார். யார் வீட்டுச் சோறும் சாப்பிடுவார், சொந்த வீட்டுச் சோறு கிடையாது. எந்த வாசலிலும் நிற்பார், சொந்த வாசப்படியை மிதிக்க மாட்டார். துறந்தவன் திரும்பி மிதித்தால் இரண்டு பக்கத்துக்கும் ஆகாது என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா, அந்தச் சட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்குச் செங்கம் ரோட்டில் ஆசிரமப் பக்கம் சாமியார்கள் கூடுவார்கள். அதற்கு அவர் எங்கள் தெரு வழியாகத்தான் போவார், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார். எங்கள் வீட்டைக் கடக்கும்போது நடை மாறாது, கண் திரும்பாது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மற்ற வீட்டுப் பெண்கள் "சாமி, நில்லுங்க" என்று கூப்பிட்டால் நிற்பார். நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா அழுது நான் பார்க்கவில்லை. அவள் சட்டத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள்.

முதல் ஓட்டை பக்கத்து வீட்டம்மா. அம்மா சமைத்ததைப் பக்கத்து வீட்டம்மா கையில் கொடுத்துவிடுவாள். அந்தம்மா தன் வாசலில் நின்று அப்பாவின் தூக்கில் போடுவாள். புளி தூக்கலான கத்திரிக்காய்க் குழம்பு யார் கைப்பக்குவம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். சாப்பிட்டுவிட்டு, "உங்களுக்குக் கொறை வராதும்மா" என்று பக்கத்து வீட்டம்மாவை வாழ்த்திவிட்டுப் போவார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்பாள். அந்த வாழ்த்து கூட அவளுக்கு வந்து சேரவில்லை.

இரண்டாவது ஓட்டை சினிமா.

மாமா செங்கம் ரோட்டில் வீடியோ கடை வைத்திருந்தார். டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம், நினைவிருக்கும் உங்களுக்கு. கல்யாணம், மஞ்சள் நீராட்டு இல்லாத நாளில் மாமா கடையில் ஒரு கலர் டிவி சும்மா கிடக்கும். அம்மா ஒரு நாள் மாமாவிடம் சொன்னாள்.

"டேய், அந்தப் பொட்டியக் கொண்டாந்து நம்ம வாசல்ல வை. தெருவப் பாத்து வை. அவரு வீட்டுக்குள்ள வர வேணாம். தெரு எல்லாருக்கும் பொதுதானே? சினிமான்னா நிக்காம போவாரா?"

"அக்கா, தெருவப் பாத்து வச்சா நாம எப்படிப் பாக்கறது?"

"நாம படத்தப் பாக்கறதுக்கா வைக்கறோம்?" என்றாள் அம்மா.

அப்படித்தான் எங்கள் வீட்டு டிவி வாசல் பக்கம் திரும்பியது. நிலைப்படிக்கு உள்ளே ஒரு மரமுக்காலி, அதன்மேல் டிவி. வெளியே வாசப்படி மேலே கார்த்திகை மாதத்து அகல் வரிசை. தெருவின் எதிர்ப்பக்கம் சாக்கடை மேல் போட்ட ஒரு பலகைக் கல். நானும் அம்மாவும் டிவிக்குப் பின்னால், இருட்டில், பாய் போட்டு உட்காருவோம். எங்களுக்குத் தெரிந்தது டிவியின் முதுகு மட்டும்தான். கறுப்புப் பிளாஸ்டிக், அதில் நீள நீளக் கீறல்கள், கீறலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று எரியும். சூடான தூசி வாசனை வரும். இன்றும் ஏதாவது மிஷின் சூடானால் எனக்குக் கார்த்திகை மாதம் வந்துவிடும்.

முதல் நாள் அவருக்குப் பிடித்த நடிகரின் பழைய படம். விளக்கு வைக்கும் நேரம். ஆசிரமப் பக்கமிருந்து திரும்பி வந்தவர் நின்றார். கல்லின்மேல் உட்கார்ந்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். முதல் பாட்டு வந்ததும் எழுந்து போய்விட்டார்.

மாமா பின்னாலேயே ஓடிக் கேட்டார். அப்பா சொன்னாராம், "இதுல இன்னா இருக்குது மச்சான்? ஒருத்தன் அடிக்கறான், ஒருத்தன் அழறான். அவன் யாருன்னு அவனுக்கே தெரியல."

மாமா வந்து சொன்னதும் அம்மா அதை மளிகைச் சாமான் குறித்துக்கொள்வது போல மனதில் குறித்துக்கொண்டாள். "சரி. அவன் யாருன்னு அவனுக்குத் தெரியற மாதிரி படமா கொண்டா."

மாமா தலையைச் சொறிந்துகொண்டு போனார். அடுத்த நாள் வந்தது ஒரு இரட்டை வேடப் படம். திருவிழாவில் பிரிந்த அண்ணன் தம்பி கடைசியில் கையில் இருக்கும் மச்சத்தை வைத்துச் சேருகிற கதை. "கடைசி சீன்ல அவன் யாருன்னு க்ளியரா தெரிஞ்சிடும்க்கா" என்றார் மாமா, உண்மையாகவே நம்பி. அப்பா மச்சம் வரை இருக்கவில்லை. அடுத்து ஒரு பக்திப் படம். அப்பா டிவியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினார். "சாவுக்கு அப்புறம் இன்னா ஆவுதுன்னு ஒரு படம் இருக்குது" என்று அதற்கடுத்து ஒரு பேய்ப் படம் கொண்டுவந்தார். தெருப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். பக்கத்து வீட்டம்மா வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன அநியாயம் இது என்று சண்டை பிடித்தாள். ஊரே சிரித்தது. அம்மாவும் நானும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது விளையாட்டு இல்லை. ஒரு படம் சரியாக அமைந்தால் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நாங்கள் இருவரும் முழுசாக நம்பினோம்.

மாமா கடைக்கு ஒரு வெள்ளைக்காரம்மா வருவாள். ஆசிரமத்துக்குப் பின்னால் ரூம் எடுத்துத் தங்கி, டிவியும் டெக்கும் மட்டும் வாடகைக்கு எடுப்பவள். கேசட் எல்லாம் அவளுடைய சொந்தக் கேசட், ஒரு அட்டைப் பெட்டி நிறைய. "என்னா படமோக்கா, ஒருத்தன் ஜன்னலப் பாத்துகினு ஒக்காந்துட்டான்னா அரை மணி நேரம் எழுந்துக்க மாட்டான்" என்று மாமா ஒருமுறை சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டாள். "அதாண்டா. அதே படம்தான். அவரும் அப்படித்தானே ஒக்காந்திருக்காரு" என்றாள்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ரூமுக்குப் போனாள். அன்றைக்குக் கட்டியிருந்தது வெளியே போவதற்கென்று வைத்திருந்த பச்சைப் புடவை. வெள்ளைக்காரம்மா தரையில் பாய் விரித்து, தலைமாட்டில் மலையின் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். ரூமில் சீமைச் சோப்பு வாசனை.

"வாழறது எதுக்கு, சாவறது எதுக்கு, நாம யாரு, இதெல்லாம் கேக்கற படம் இருக்குதாம்மா?" என்று அம்மா கையையும் காலையும் ஆட்டிக் கேட்டாள். நாலாம் வகுப்போடு நின்றவள். இன்று பெரிய பெரிய கட்டுரைகளில் அந்த வகைப் படங்களுக்கு நீளமாக விளக்கம் எழுதுகிறார்கள். நானும் படித்திருக்கிறேன். என் அம்மா கேட்டதைவிடக் கூடுதலாக அதில் ஒன்றும் இல்லை.

அந்தம்மாவுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "யாருக்கு?" என்று கேட்டாள். அம்மா சொன்னாள். வீட்டுக்காரர், காவி, புளியமரம். வெள்ளைக்காரம்மா ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். இரண்டு பிள்ளைகள், பொன்னிறத் தலை, பெரியதுக்கு என் வயசு இருக்கும்.

"என் பசங்க. ஊர்ல. நான் இங்க" என்றாள்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டாள். "நீயுமா?" என்றாள். என் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்தாள். அங்கே நின்றாள். செருப்பில் ஒரு காலை விட்டபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி உள்ளே போய், "சரி, குடு" என்றாள். எனக்கு இப்போது இருக்கிற வயசைவிட அம்மா அன்று ரொம்பச் சின்னவள். தன் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவளிடம் போய், வீட்டை விட்டுப் போனவரைத் திருப்பிக் கொண்டுவர மருந்து கேட்டிருக்கிறாள்.

"நல்ல படம். ஆனா ஸ்லோ. ரொம்ப ஸ்லோ" என்று சொல்லி அந்தம்மா கேசட்டுகளைக் கொடுத்தாள். உறையே இல்லாத கறுப்புக் கேசட்டுகள்.

அந்தப் படங்களுக்கு அப்பா உட்கார்ந்தார்.

அக்கம்பக்கத்தார் முதல் நாள் கூடினார்கள். "இன்னாடி இது, ஒருத்தன் நடக்கறான், நடக்கறான், நடந்துகினே இருக்கறான்" என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்டு எழுந்துபோனாள். கூட்டம் கலைந்தது. அப்பா மட்டும் கல்லின்மேல் இருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து. படத்தின் வெளிச்சம் அவர் முகத்தில் கூடும், குறையும். நான் டிவிக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்குத் தெரியாத மொழியில் யாராவது ஏதாவது பேசுவார்கள். அப்பாவுக்கும் தெரியாத மொழிதான். எங்கள் சினிமாவே அப்பாவின் முகம்தான். அவர் புருவம் ஏறினால் அம்மா என்னைப் பார்ப்பாள். அவர் பெருமூச்சு விட்டால் அம்மாவும் விடுவாள்.

சில சாயங்காலங்கள் அப்படிப் போயின. அம்மா அந்த நாட்களில் தலைக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். டிவிக்குப் பின்னால் இருட்டில் உட்காருவதற்குத்தான்.

தீபத்துக்கு முந்தின வாரத்தில் ஒரு நாள் வந்தது அந்தப் படம். அதன் சத்தத்தை நான் இப்போதும் வரிசையாகச் சொல்வேன். ஈரச் செருப்பு சேற்றில் சதக் சதக் என்று போகும் சத்தம். ஒரு நாய். யாரோ இருமுவது. ஒரு சாவிக்கொத்து அடிக்கடி குலுங்கும். கிணற்றில் வாளி மோதும். அப்புறம் மழை. மழை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் முகத்திலிருந்து டிவி வெளிச்சம் போய்விட்டது. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தேன். இல்லை, மழைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. வாசப்படி அகல் வெளிச்சத்தில்தான் நாங்கள் அவரைப் பார்த்தோம்.

அப்பா சிரித்தார்.

வீட்டை விட்டுப் போனதிலிருந்து அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்ததில்லை. பல் தெரியாத சின்னச் சிரிப்பு. சிரித்தபடியே எழுந்தார். தெருவைத் தாண்டி எங்கள் வாசலை நோக்கி வந்தார். அகல் வரிசைக்கு அருகில் வந்து குனிந்தார். தாடியை ஒரு கையால் தடவினார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்ததில் வளையல் பதிந்துவிட்டது. ஒரு காலடி எடுத்து வைத்தால் வாசப்படி. அவ்வளவு கிட்டே வந்துவிட்டார். எண்ணெய்ப் புகையும் அவருடைய வேர்வையும் சேர்ந்து அடித்த வாசனை எங்களுக்கே வந்தது.

அப்போது மறுபடி வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. மழைச் சத்தம் நின்று பறவைகள் கத்தின. அப்பா நிமிர்ந்தார். பின்வாங்கிப் போய்க் கல்லில் உட்கார்ந்தார். படம் முடிந்ததும் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று அம்மா சாப்பிடவில்லை. சந்தோஷத்தில். "பாத்தியா? நம்மளப் பாத்துச் சிரிச்சாருடி. காலத் தூக்கிட்டாரு. அந்தப் படத்துல ஏதோ சொல்லியிருக்கான், அது உள்ள போயி தைச்சிருக்குது. நாளைக்கும் அதையே போடச் சொல்லலாம்" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாளும் அதையே போட்டோம். கல் காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும். தீபத்தன்று மலைமேல் கொப்பரை எரிந்தபோது ஊரே அண்ணாந்து பார்த்தது, அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்கே போகிற ஏதோ ஒரு கூட்டத்தோடு அவர் சேர்ந்து போய்விட்டார் என்று மாமா விசாரித்து வந்து சொன்னார். காசி என்றார்கள், இமயமலை என்றார்கள். அதற்குமேல் கிணற்றில் போட்ட கல்தான். இருக்கிறாரா இல்லையா என்பதுகூட இன்றுவரை தெரியாது. வெள்ளைக்காரம்மாவும் விசா முடிந்து கேசட் பெட்டியோடு போய்விட்டாள். படத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா இரண்டு காரியத்தை மட்டும் விடவில்லை. ஒன்று, விளக்கு வைத்த நேரத்திலிருந்து தூங்கப் போகும்வரை தெருக்கதவைச் சாத்த மாட்டாள்; தூங்கும்போதும் வெறுமனே ஒருக்களிப்பாள், தாழ்ப்பாள் போட மாட்டாள். மகாலட்சுமி வருவாள் என்று கேட்பவர்களிடம் சொல்வாள். கொசு வந்தது, பூனை வந்தது, ஒருமுறை திருடன்கூட வந்தான். கதவு திறந்தே இருந்தது. இரண்டாவது, அந்தப் படம். ஆரம்பத்தில் அதைக் கண்டுபிடித்துப் போட்டால் எங்கிருந்தாலும் வந்துவிடுவார் என்பாள். வருஷங்கள் போகப் போக அந்தப் பேச்சு நின்றது. அப்புறம் ஒரே கேள்விதான். "அந்த எடத்துல இன்னா இருந்துச்சு? எதப் பாத்துச் சிரிச்சாரு?"

அதற்காகத்தான் நான் மெட்ராசில் படம் படமாய் அலைந்தேன். இலவசத் திரையிடல்கள், பர்மா பஜார் டிவிடிகள், பிறகு கம்ப்யூட்டர், இப்போது போன். வாழ்க்கை, மரணம், தனிமை, கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று கேட்கும் படங்கள் உலகத்தில் எவ்வளவு இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களில் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். சாவிக்கொத்தும் வாளியும் மழையும் வரிசையாக வருகிறதா என்று. ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மா கேட்பாள், "கெடச்சுதா?" இல்லை என்பேன்.

நானும் வேலையை முன்கூட்டியே முடித்துக்கொண்டு அம்மாவோடேயே வந்து தங்கிவிட்டேன். எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு ரூம் வாடகை, எதிரில் ஒரு காபிக் கடை. அப்பா உட்கார்ந்த கல்லை எடுத்துவிட்டுச் சிமெண்ட் போட்டுவிட்டார்கள்.

போன மாதம், நம் குழுவில் அந்தக் கேள்வி வந்ததற்கு மறுநாள், போனில் ஏதோ ஒரு படத்தை ஓடவிட்டு அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சதக் சதக் என்றது. நாய் குரைத்தது. யாரோ இருமினார்கள். கத்தியைக் கீழே வைத்தேன். சாவிக்கொத்து குலுங்கியது.

முதல்முறையாக அந்தப் படத்தைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒரு கிழவர் தன் வீட்டுச் சாவி எது என்று மறந்துவிடுகிறார். கையில் ஒரு கொத்துச் சாவி. ஊரில் ஒவ்வொரு கதவாகப் போட்டுப் பார்க்கிறார். எந்தக் கதவும் திறக்கவில்லை. கடைசியில் மழை வருகிறது. அவர் கையிலிருந்த லாந்தர் அணைந்துபோகிறது. அதன்பின் திரையில் ஒன்றுமே இல்லை. ஒரு முழுப் பாட்டு ஓடுகிற நேரம், வெறும் இருட்டு, மழைச் சத்தம். பிறகு விடிகிறது. பறவைகள்.

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அப்பா சிரித்த இடத்தில் எதுவும் இல்லை. இருட்டைப் பார்த்து ஒரு மனுஷன் ஏன் சிரிக்க வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. அம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் முகத்தைப் படித்துப் பழகியவள் அவள்.

"கெடச்சிடுச்சா?" என்றாள்.

சாயங்காலம், விளக்கு வைத்தபின், கூடத்து நாற்காலியில் உட்காரவைத்துப் போனை அவள் கையில் கொடுத்தேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. கிழவரைப் பார்த்தாள். கதவுகளைப் பார்த்தாள். "பாவம், தொறக்கல பாரு" என்றாள். மழை வந்தது. லாந்தர் அணைந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழைய பழக்கம்.

"இருட்டாயிடுச்சேடி. என் மூஞ்சிதான் தெரியுது இதுல" என்றாள் அம்மா. போனைக் கிட்டே கொண்டுவந்து குனிந்தாள். நெற்றியில் விழுந்திருந்த வெள்ளை முடியை ஒரு கையால் ஒதுக்கினாள்.

அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

மழை பெய்துகொண்டே இருந்தது. எனக்கு விளங்கிய அதே நேரத்தில் அவளுக்கும் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அம்மா கேட்டாள்.

"தாடியத் தடவினாரு இல்ல?"

"ஆமாம்மா."

"அந்த டிவியும் கண்ணாடி மாதிரிதானே இருக்கும்."

"ஆமாம்மா."

"அப்போ நாம எங்கடி இருந்தோம்?"

"பின்னாடிம்மா. டிவிக்குப் பின்னாடி இருந்தோம்."

போனில் விடிந்தது. பறவைகள் கத்தின. அம்மாவின் முகத்தில் வெளிச்சம் அடித்தது. அவள் போனை அணைக்கத் தெரியாமல் முந்தானைக்கு அடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். தெருவில் காபிக் கடைப் பக்கம் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள்.

"கதவச் சாத்திடு. கொசு வருது" என்றாள்.

எழுந்து போய்ச் சாத்தினேன். ரொம்ப நாளாய்ப் போடாத தாழ்ப்பாள், விழவில்லை. தோளால் தள்ளித்தான் போட வேண்டியிருந்தது.